விகுதி

தரங்கம்பாடியில் காற்றுக்கு உப்பு அதிகம்.
கோட்டைச் சுவரைச் சுரண்டினால்
செங்கல் மாவாய் உதிர்கிறது.
டென்மார்க்கிலிருந்து வந்த மெரெத்தெ
விரிசல்களுக்கு எண் எழுதுகிறாள்.
சுண்ணாம்பின் பதமும் ஆள்கணக்கும் என் பொறுப்பு.

திங்கட்கிழமை சாரத்தில் விரல் கிழிந்தது.
தன் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டாள்.
தோல் நிறம் என்று அட்டையில் போட்டிருக்கிறதாம், அவள் மொழியில்.
என் விரலில் அது
பழஞ்சுவரில் அப்பிய புதுப்பூச்சு மாதிரி தெரிந்தது.
வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"வீட்டில் எனக்கு நிறமே கிடையாது, தெரியுமா?
மற்றவர்களுக்குத்தான் இருந்தது.
அம்மா நல்லவள். யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டாள்.
பஸ்ஸில் சிலர் ஏறினால்
கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதான்.
நானும் மாற்றுகிறேன்."

பாவம் என்று நினைத்தேன்.
வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் இருக்கும்.
எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

மெரெத்தெ தமிழ் படிக்கிறாள்.
கட்டம் போட்ட நோட்டில்
என் வாயிலிருந்து கேட்டதெல்லாம் பதிவு.
வாங்க: மேஸ்திரிக்கு, டீக்கடைக்காரருக்கு, லாரி ஓட்டும் பையனுக்குக்கூட.
வா: நாய்க்கு, முருகனுக்கு, மாரிக்கண்ணுக்கு.
"மாரிக்கண்ணு உன்னைவிட இருபது வயது மூப்பு.
விதி என்ன?"

இலக்கணம் எனக்குத் தெரியும்.
முன்னிலை, ஒருமை, பன்மை, மரியாதைப் பன்மை.
விதிவிலக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

குத்தாலம் பக்கம் எங்கள் வயல்.
ஐந்து வயதில், பம்புசெட் தொட்டி விளிம்பில் நின்று,
"டேய் தொப்ளான், செருப்பை எடு" என்றேன்.
அவனுக்கு அப்பா வயது.
அவருக்கு.
"இந்தா பாப்பா" என்று குனிந்தார்.
அப்பா அதட்டவில்லை. சிரிக்கவுமில்லை.
மோட்டார் ஒரே சீராய் ஓடிக்கொண்டிருந்தது.
தொட்டியில் நான் குளித்த தண்ணீர்
வாய்க்காலில் இறங்கியபின் அவருக்கு.

மறுநாள் காலை
சுண்ணாம்புக் குழி கொதித்துக்கொண்டிருந்தது.
"வாங்க மாரிக்கண்ணு" என்றேன்.
நாக்கு ங்க-வில் தடுக்கியது.
மண்வெட்டியை நிறுத்தாமல் நிமிர்ந்தார்.
"என்ன தாயி, புதுசா இருக்கு.
கணக்குல என் நாளை ஏதும் விட்டுட்டியளா?"
சிரித்தார்.
ஆவி அடித்ததில்
கண்ணும் சிரித்ததா, தெரியவில்லை.

ஷெட்டுக்குள் போய் மஸ்டர் ரோலைத் திறந்தேன்.
இரண்டு நாள்.