கட்டம் ஏழு

செலவுக் கணக்குப் படிவத்தில்
ஏழாவது கட்டம்: 'சந்திப்பால் விளைந்த பயன்'.
ஆறு வரை நிரப்பிவிட்டேன்.
விமானச் சீட்டு மூன்று.
லவண்டர் தெருவில் ஜன்னல் இல்லாத அறைகள், இரண்டு இரவு.
சாங்கியிலிருந்து டாக்சி,
நள்ளிரவுக் கூடுதல் கட்டணத்தோடு.

மூன்று வருடமாக ஒரே குழு.
எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டி
எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று சொல்லும் மென்பொருளை
நான்கு ஊர்களிலிருந்து கட்டி மேய்க்கிறோம்.
ஒருவரை ஒருவர் தோள்வரைதான் தெரியும்.

வுலான் அவ்வளவு உயரம் என்று
யாரும் சொல்லவில்லை.
வருகைக் கதவு திறந்தபோது
நான் தேடிய முகம்
நான் தேடிய உயரத்தில் இல்லை.
பினாங்கின் பூன் கியட்,
சதுரத்துக்குள் எப்போதும் சட்டைப் பித்தான் மாட்டிய மனிதர்,
நடக்கும்போது பாடுகிறார். சுருதி சேரவே இல்லை.
அதனால்தான் இத்தனை நாள்
ஒலியை அடைத்தே வைத்திருந்தாராம்.

டிலக்சன் விஷயம் வேறு.
எட்டு மாதமாக அவர்மேல் எனக்குக் கோபம்.
நான் பத்தி பத்தியாக எழுதுவேன்,
எங்கள் இருவருக்குள் தமிழ்தானே என்று.
அவர் பதில்: "சரி."
அந்த முற்றுப்புள்ளியை
எத்தனை இரவு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.
ஈசூனில், பதினோராம் மாடியில்,
மூங்கில் கழியில் ஈரத்துணி கோத்தபடி
கணவரிடம் சொன்னேன்:
அந்த மனிதரிடம் மரியாதை
ஒரு சொல்லுக்கு மேல் இருப்பில் இல்லை.

சனிக்கிழமை, பிடோக் உணவங்காடி.
டிஷ்யூ பொட்டலம் ஒன்றை வைத்து மேசை பிடித்தோம்.
அது இடத்தைக் காக்கும் என்பதை வுலான் நம்பவில்லை,
வரிசையில் நின்று மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.
ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாய் ஒரு பொருள்.
எங்களுக்கு அது புதிதா என்ன.

மிளகு நண்டு வந்தது.
டிலக்சன் இடக்கையால் எடுத்தார்.
வலக்கை மேசைமேல் இருந்தது,
மூன்று விரல் மடங்கியபடியே.
பார்க்காத மாதிரி பார்த்தோம்.
"சைக்கிள் செயினுக்குள்ள போனது, எட்டு வயசில.
இப்ப நோகாது.
டைப் பண்ணத்தான் கொஞ்சம் சுணங்கும்."
ஓட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு எழுத்து, பிறகு புள்ளி.
அந்தப் புள்ளிக்கும் ஒரு தட்டு வேண்டும்.
அதைக்கூட ஒரு நாளும்
மிச்சம் பிடிக்கவில்லை அவர்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
என் கோபமே அவருக்குத் தெரியாது,
கேட்டால் அதைப் புதிதாக அறிமுகம் செய்ததாக ஆகும்.
பெரிய கொடுக்கு ஒன்றை உடைத்து
அவர் தட்டோரம் தள்ளினேன்.
அவர் அதைப் பூன் கியட் பக்கம் தள்ளிவிட்டார்.
மட்டக்களப்பு வாவி நண்டு தின்ற வாய்க்கு
இதில் மிளகு மட்டும்தான் இருக்கிறதாம்.

வேலை என்று பார்த்தால் ஒன்றும் தீரவில்லை.
கொழும்புத் துறைமுகப் பிழை
இன்னும் பிழையாகத்தான் இருக்கிறது.
ஞாயிறு மாலை மழையில்
இரண்டு குடைக்குள் நான்கு பேர்
எம்ஆர்டி வரை நடந்தோம்.
எல்லோருக்கும் ஒரு தோள் நனைந்தது.

திங்கள், மறுபடி சதுரங்கள்.
வுலான் குனிந்துதான் சட்டத்துக்குள் வருகிறாள்,
இத்தனை நாள் அதைப் பணிவு என்று நினைத்திருந்தேன்.
பூன் கியட்டின் உதடு அசைகிறது.
எனக்கு மட்டும் சுருதி பிசகிக் கேட்கிறது.
டிலக்சன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று
திரையடியில் மூன்று புள்ளிகள் ஓடுகின்றன.
காத்திருக்கிறேன்.
"சரி."

கட்டம் ஏழில் நானும் அதையே இட்டேன்.
குறைந்தது ஐம்பது எழுத்து வேண்டும் என்கிறது படிவம்.
சரி. மிளகு நண்டு ஒன்று,
தொண்ணூற்றிரண்டு வெள்ளி,
ரசீது மழையில் நனைந்துவிட்டது.