காரணம் எழுதவும்

பகாவ் பழைய பசாருக்குப் பின்னால்
உரக்கடையின் மாடியில் என் அலுவலகம்.
வாடகையோடு யூரியா வாசமும் சேர்த்தி.
கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு
மினுக்கிக்கொண்டே இருக்கிறது,
கடன் கேட்க வந்தவன் வாசலில் நின்று
செருமுவதைப் போல.

ஒரு வரி தட்டினேன். கருவி இறங்கத் தொடங்கியது.
நாற்பது விழுக்காட்டில் மழை.
எழுபத்து மூன்றில் இணையம் போயிற்று.
படியிறங்கிக் கோப்பி குடித்து
மறுபடி ஏறி மறுபடி தட்டினால்
உரிமை இல்லை என்கிறது.
என் கணினி, என் மின்கட்டணம்,
யாரிடம் வாங்க வேண்டும் உரிமையை?
கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பேசாமல் இருந்தது.
பிறகு, முடிந்தது என்றுகூடச் சொல்லாமல்
அடுத்த வரியில் வந்து நின்றது கோடு.

பார்க்க வேண்டியது
செம்பனைத் தோட்டத்தின் தராசுக் கணக்கு நிரல்.
பதினோரு வருடமாய் ஓடுகிறது.
எழுதிய குணரத்தினம் இப்போது பெர்த்தில்.
மாறிகளுக்கெல்லாம் மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்:
பெராத், ஊப்பா, பொத்தோங்.
எடை, கூலி, வெட்டு.
ஒரே ஒரு மாறிக்கு மட்டும் மச்சான் என்று பெயர்.
ஏனென்று கருவிக்கும் தெரியவில்லை.

கோப்புறையைக் காட்டி ஏவினேன்.
ஒரு நொடிகூட ஆகவில்லை,
ஆயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு எச்சரிக்கைகள்.
இங்கே இடைவெளி அதிகம்.
அங்கே பெயர் நீளம்.
மச்சானுக்கு மதிப்புத் தரப்படுகிறது,
அதை யாரும் படிப்பதில்லை.
முந்நூற்று ஆறாம் வரியை
எந்த வழியும் எட்டாது.
போய்ப் பார்த்தேன்.
சம்பளச் சீட்டின் அடியில் அச்சாக வேண்டிய
தீபாவளி வாழ்த்து.

வரி நானூற்றுப் பன்னிரண்டு:
பின்னம் தொலையலாம்.

தொலையலாம்.
கருவிகளுக்கு மரியாதை அதிகம்.

டன் கணக்கில் இரண்டு தானத்துக்கு மேல்
வருவதை நறுக்கிவிடுகிறது நிரல்.
நடைக்குச் சராசரி ஐந்து கிலோ.
டன்னுக்கு நாற்பத்திரண்டு வெள்ளி என்றால்
ஐந்து கிலோவுக்கு இருபத்தொரு காசு.
நாளுக்கு மூன்று நடை, அறுபத்து மூன்று காசு.
ஒரு தே ஓ கூட வராது அதற்கு.
வருடத்துக்கு இருநூற்று அறுபது நாள்.
பதினொன்றால் பெருக்கினேன்.
ஓர் ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்று ஒரு வெள்ளி
எண்பது காசு.
சுப்ரியாடி, ரஃபிக்குல், வீரம்மா, கமாருடின்.
யார் போனாலும் யார் வந்தாலும்
பட்டியலில் எப்போதும் நாற்பது பேர்.

மேலாளர் ஹோ தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார்.
வருடக் கணக்கு முடியட்டும், என்றார்,
அதுவரை அந்த வரியைத் தொடாதே.
ஆனால் தணிக்கைக்கு அறிக்கை
சுத்தமாக வர வேண்டும்.

அதற்கும் வழி வைத்திருக்கிறது கருவி.
வரிக்கு மேலே ஒரு குறிப்பு:
கண்டுகொள்ளாதே.
போட்டுவிட்டு ஏவினேன்.
ஏற்கவில்லை.
காரணம் எழுதவும், என்றது.

இந்த விவகாரத்தில்
காரணம் கேட்ட முதல் ஆள்.

பழைய நிரல், என்று எழுதினேன். அழித்தேன்.
நிர்வாக முடிவு. அதையும் அழித்தேன்.
கீழே லோரியில் மூட்டை ஏற்றுகிறவன்
பன்னிரண்டு, பன்னிரண்டு, என்று
ஒரே எண்ணில் நின்று யாரோடோ சண்டை போடுகிறான்.
கடைசியில் எழுதினேன்:
ஓர் ஆளுக்கு 1801.80. நாற்பது ஆள்.
ஹோ சொன்னார், தொலைபேசியில், மே ஒன்பது.

உடனே ஏற்றுக்கொண்டது.
காரணம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும்.
மற்ற இடைவெளிகளையும் பெயர்களையும்
இருட்டும்வரை உட்கார்ந்து சரிசெய்தேன்.
எச்சரிக்கை பூஜ்யம்.
அனுப்பிவிட்டேன்.
அந்தக் குறிப்பை யாராவது படிப்பார்களா
தெரியாது. மச்சானை யாரும் படிக்கவில்லையே.

எழுவதற்கு முன்
தீபாவளி வாழ்த்தை மட்டும்
எட்டும்படி நான்கு வரி மேலே நகர்த்தினேன்.
மாதா மாதம் அச்சானாலும் ஆகட்டும்.
அதற்கு யாரிடமும்
உரிமை கேட்கவில்லை.