பதிவு செய்த எண்

இரவு இரண்டே கால். தண்டையார்பேட்டை ஆபீசில்
ஏசி இரைச்சல், நான், பாதி ஆறிய டீ.
கணக்கு லாக் ஆயிடுச்சு சார், என்கிறாள்
மணலி யார்டு, மூன்றாம் கேட்டிலிருந்து.

ஹலோவின் கடைசியில் மூச்சை இப்படி விடுகிறவள்
இந்த ஊரில் ஒருத்திதான்.
ஆனாலும் கேட்டேன், பெயர்?
செலஸ்டினா.
பணியாளர் எண் சொன்னாள்.
பிறந்த தேதியும்.
அது பள்ளிக்கூடத்தில் எழுதிய தேதி,
பிறந்தது பதினேழு நாள் முன்னால்.
சரி என்றது திரை.

பின்னால் டிரைலர் ஹாரன்.
'இன்னாம்மா, பொட்டிய ஏத்தினு
எம்மாந்நேரம் நிக்கறது?'

பாதுகாப்புக் கேள்வி:
உங்களுக்கு மிகவும் பிடித்த உணவு?
'பிரியாணி.'
பொருந்தவில்லை.
'இறா தொக்கு?'
பொருந்தவில்லை.
இன்னும் ஒரு வாய்ப்புதான், மேடம்.
மேடம் என்றேன்.

விடை எனக்குத் தெரியும்.
அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று
பக்கத்தில் உட்கார்ந்து தட்டியவன் நான்:
அத்தோ.
பீச் ஸ்டேஷன் எதிரே வண்டிக்கடை,
வாழைத்தண்டு சூப், வாரம் இரண்டு முறை.
பொரித்த வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு
தட்டை என் பக்கம் தள்ளுவாள்.
நான்கு வருஷம் அதைப் பாசம் என்றே நினைத்தேன்.
பிடித்தது எனக்கு.

துப்புக் கொடுக்கக் கூடாது என்பது விதி.
'தெரியலை சார்.'
அவளுக்கு எப்படித் தெரியும்?

ஓடிபி அனுப்புகிறேன், பதிவு செய்த எண்ணுக்கு.
பொத்தானை அழுத்தினேன்.
என் சட்டைப்பையில் நடுங்கியது போன்.
ஆறு இலக்கம். கீழே,
யாரிடமும் பகிர வேண்டாம்.

'வரலியே சார்.'

கோர்ட்டில் எத்தனை தாள், எத்தனை சாட்சி,
ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.
இதை ஒருவரும் பார்க்கவில்லை.

படித்துச் சொன்னால் கேட் திறந்துவிடும்.
சொல்லவில்லை.
ஷிப்ட் சூப்பர்வைசரை லைனில் கூப்பிட்டேன்.
அட்டையைப் பாருங்க, முகத்தைப் பாருங்க.
பார்த்தார். 'அவங்கதான்பா, தினம் பாக்குறேன்ல.'

எண்ணை அழித்தேன்.
உணவை அழித்தேன்.
புதுசா நீங்களே போடுங்க மேடம்,
எங்கிட்ட சொல்லக் கூடாது.

விசைச் சத்தம். நிறுத்தி, அழித்து,
மறுபடி.
ஐந்தெழுத்தோ ஆறெழுத்தோ.
பிறகு தடுப்புக்கட்டை தூக்கும் கிரீச்,
வரிசையாக கியர் மாற்றும் வண்டிகள்.

'தேங்க்ஸ் சார். பேசுறது யாரு?'

ஹெல்ப் டெஸ்க், நாற்பத்தொன்று, என்றேன்.

அந்த மூச்சு.
கொஞ்ச நேரம் யாரும் வைக்கவில்லை.