சாமான் புத்தகத்தில் இல்லாதது

சூலூரில் என் பட்டறைக்கு மேலே
போர் விமானம் போகும்போது
யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
அப்படி ஒரு மத்தியானத்தில்
சத்தமே கேட்காமல்
லாரியிலிருந்து இறங்கியது ஜீப்.

காங்கயத்துக்கு அக்கட்டால
ஒரு கொப்பரைக் களத்தில்
முப்பது வருசம் கோழி அடைந்த வண்டி.
ரேஸ் கோர்ஸ் தேவராஜுலு சார் சொல்லிவிட்டார்:
நாற்பத்துநாலில் எப்படி இருந்ததோ
அப்படியே வேண்டும், ஒரு ஆணி மாறக்கூடாது.

சாதிக் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தான்.
எச்சம் கரைந்து, துரு கரைந்து
ஒவ்வொரு தலையிலும் சின்னதாய் ஓர் எஃப் எழுந்தது.
எழுத்து இருந்தால் இந்த டப்பா,
இல்லாவிட்டால் அந்த டப்பா.
அந்த டப்பாதான் முதலில் நிறைந்தது.

எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் எண் உண்டு.
வைப்பர் கைப்பிடிக்கு உண்டு,
கோடாரி கட்டும் வாருக்கு உண்டு,
வாரின் கொக்கிக்குத் தனியாக உண்டு.
பின்சீட்டுக்கு அடியில் கிடந்த
வார்ப்பிரும்பு வட்டுக்கு மட்டும் இல்லை.

இருபத்தேழு கிலோ. ஐந்து துளை.
ஜீப் சக்கரத்தின் ஐந்து ஸ்டட்டிலும்
சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது.
ஆனால் எந்த டயரும் அதில் ஏறாது.
உக்கடத்துப் பழைய இரும்புக்காரர்
பீரங்கிச் சாமான் என்றார்.
கணபதியில் ஃபவுண்டரி வைத்திருப்பவர்
சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு
ஊத்துனது நம்ம ஊரு மண்ணுலதான் என்றார்,
எதுக்குன்னு தெரியாது.

இன்னொன்றும் புரியவில்லை.
டிஃபரன்ஷியலைப் பிரித்தால்
கிரவுன் பல் புதுசு மாதிரி நிற்கிறது,
ஸ்டார் பினியன் மட்டும் தேய்ந்து வழுக்கை.
வளைவில் திரும்பும்போதுதான் அதற்கு வேலை.
அப்படியென்றால் இந்த வண்டி
வருசக்கணக்காய்த் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது.
எந்தச் சண்டையில் அவ்வளவு பெரிய வளைவு?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் அத்தியப்பன்
கம்ப்ரசர் பெல்ட் கேட்டு வந்தவர்
வட்டின் மேல் கால் வைத்துத்தான் டீ குடித்தார்.
குடித்து முடித்து, குனிந்து,
விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.
“ஏனுங் அம்மிணி,
நடுவுல ஒரு நூல் பொடைப்பா இருக்குது பாருங்க.
பெல்ட்டு நழுவாம இருக்கறதுக்குங்க.
ஒரு சக்கரத்தக் கழட்டிப்போட்டு
இதப் பூட்டியிருக்காங்க.
அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டா
இது மட்டும் சுத்துமில்லீங்.”

களத்துக்காரருக்கு போன் போட்டேன்.
எடுத்தவர் அவர் சம்சாரம் பாவாத்தாள்.
ராணுவ ஜீப்பா?
எங்களுக்கு அது கிணத்து மோட்டாருங்க.
கரண்டு வர்ற வரைக்கும் அதுதான் தண்ணி எறச்சுது.
எங்க மாமனாருக்கு ஓட்டவே தெரியாதுங்க,
ஸ்டார்ட் பண்ணத்தான் தெரியும்.

கிணறு எத்தனை அடி என்று கேட்டேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
எழுபத்தெட்டு.
புத்தகத்தில் பின்னச்சு முடியும் பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
வட்டு, வார்ப்பிரும்பு, இடது. எண் 78.

தேவராஜுலு சாருக்கு வட்டு வேண்டாம்.
அதன் மேல் இப்போது வெல்டிங் பெட்டி நிற்கிறது.
ஸ்டார் பினியன் புனேயிலிருந்து வந்தது,
விலையைச் சொன்னால் சாதிக் சிரிக்கிறான்.
பச்சை இரண்டு கோட்,
பானெட்டில் வெள்ளை நட்சத்திரம்.

முதல் ஓட்டம் நீலாம்பூர் பைபாஸ் வரை.
திரும்பி வந்து இறங்கியவர்
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்,
எல்லாம் பிரமாதம்,
இடது பக்கம் மட்டும் லேசாக இழுக்கிறதே.

டயர் புதுசு, பிரேக் புதுசு,
அலைன்மெண்ட் நானே பார்த்தது.
இழுக்கக் காரணமே இல்லை.

ஓட ஓடச் சரியாப் போயிருங்க, என்றேன்.