ஈரக் கழிவு

சேரம்பாடி மூன்றாம் நம்பர் எடைக் கொட்டகையில்
நாளைக்கு இரண்டு தரம் பெயர் கூப்பிடுவது என் வேலை.
கூப்பிட்டு, தராசைப் பார்த்து,
கூடைக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்து
நீல மையில் எழுதுவது.

மழைக்கு முன் வந்தார்கள்
ஜார்க்கண்டிலிருந்து பதினோரு குடும்பம்.
எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட
காலியாய்க் கிடந்த லயங்களில்
அடுப்பு மறுபடி புகைந்தது. கடுகெண்ணெய் வாசம்.

அந்த வாரம் முழுக்கச் சரிவில்
"அயோ... அயோ..." என்று ஒரு சிறுமியின் குரல்.
அட்டை கடித்ததோ, ஆனை நிற்கிறதோ என்று
இரண்டு தடவை பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.
அவர்கள் பாஷையில் அயோ என்றால் அம்மாவாம்.

அந்த அம்மா பெயர் சோம்பாரி. சோம்பாரி கிஸ்கு.
முதல் நாள் நான் உரக்கக் கூப்பிட்டதும்
வரிசை மொத்தமும் சிரித்தது.
"சோம்பேறியா? பேர்லயே வச்சிருக்காளே!"
நானும் சிரித்தேன். இதை ஏன் மறைக்க வேண்டும்.
தராசு நாற்பத்தாறு காட்டியது.
எங்களில் ஒருத்தியும் அன்று முப்பதைத் தொடவில்லை.

அவள் மகளிடம் குனிந்து ஏதோ கேட்டாள்.
மகள் ஏதோ சொன்னாள்.
முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் ஏற
எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள், நன்றிபோல.

பாஹா மூன்றாம் வகுப்பு.
ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சூப்பர்வைசர்,
குடும்பத்தின் தமிழெல்லாம் அந்த வாய் வழியாகத்தான்.
மறுநாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.
"நேத்து அம்மா என்ன கேட்டாங்க?"
"ஏன் சிரிக்கிறாங்கன்னு."
"நீ?"
"உன் பேரு ரொம்ப அழகா இருக்காம்னு சொன்னேன்."
காலால் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னாள்:
"அது திங்கக்கிழமை பொறந்தவங்க பேருக்கா."

சோமவாரம்.
என் அம்மா விரதமிருந்த கிழமை.

என் அப்பா வீரமலை
எழுபத்தாறில் தலைமன்னாரில் கப்பலேறினார்.
மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தா,
சாப்பாட்டு நேரமோ என்னவோ,
விர்மல் என்று தட்டிவிட்டார்.
குடும்ப அட்டையில் விர்மல், சம்பளச் சீட்டில் விர்மல்,
இறப்புச் சான்றிதழிலும் அதுவே.
திருத்தக் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.
பஜாரில் சிலோன்காரன் என்பார்கள்,
அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.
அம்மாவிடம் மட்டும், "ஆபீசர் ஆசையா வச்ச பேரு" என்றாராம்.

"அக்கா, பேட்ஜுல வி. தவமணின்னு இருக்கே, வி-ன்னா?"
வாயில் வந்தது சான்றிதழ்ப் பெயர்தான்.
"விர்மல்."
பாஹா ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.
கூடையை இறக்காமலே சோம்பாரி சிரித்தாள்,
முதல் தடவையாக, நேராக என்னைப் பார்த்து.
"எங்க ஊர்ப் பேரு மாதிரியே இருக்காம்.
நீங்களும் அங்கேருந்தா வந்தீங்கன்னு அயோ கேக்குறாங்க."

பின்னால் வரிசை நெருக்கியது.
மழை தகரத்தில் பிடித்துக்கொண்டது.
தராசில் நாற்பத்தொன்பது.
கை தன்பாட்டில் நாற்பத்தேழு என்று எழுதி முடித்த பிறகு
"ஆமான்னு சொல்லு" என்றேன்.

அதையாவது மாற்றாமல் சொன்னாளா, தெரியாது.