கம்பி இருந்த கட்டை

கார்த்திகைக் கடைசியில் விறகு அளந்தார்கள்.
பேர் பதிந்த ஆளுக்கு ஒரு அட்டி,
ஏழாம் நம்பர் காட்டுக்குக் கீழே,
ஓடைக்கு அந்தப் பக்கம்.
கிராண்டிஸ். பச்சை மரம்.
அறுத்த முகத்தில் இன்னும் நீர் கசிந்தது.
கொண்டுபோவது உங்கள் பாடு என்றார் சூப்பர்வைசர்,
முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில்.
முதல் தடவையே புரிந்திருந்தது.

கொழுந்து நிறுத்துப் போட்டு வர மணி மூன்றரை.
ஐந்துக்கு மேல் ஓடையில் யானை.
ஆக நாளைக்கு இரண்டு நடை,
ஞாயிறு என்றால் எட்டு.
ஏற்றத்தில் கட்டை தலைமேல் இருக்காது,
கழுத்துக்குள் இறங்கிவிடும்.
மூன்றாம் வளைவில் ஒரு பாறை, தோள் உயரம்.
அதில் சாய்ந்து நிற்பேன். இறக்க மாட்டேன்.
இறக்கினால்
தூக்கிவிட ஆள் வேண்டும்.

அவர் போடியில், ஏலக்காய் ஸ்டோரில் இராக்காவல்.
சனிக்கிழமை வருவார்,
கோடாலியைத் தீட்டிவைத்துவிட்டுப் போவார்.
பிளப்பது நான்.
கிராண்டிஸ் வெளியே நேராக நிற்கும்,
உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கும்.
நடுவில் போட்டால் கோடாலியைக் கவ்விக்கொள்ளும்.
ஓரம் ஓரமாகச் சீவிக்கொண்டே போக வேண்டும்,
கோபக்காரரிடம் காசு கேட்பதுபோல.

ஒரு கட்டையில் மட்டும் பொறி பறந்தது.
கோடாலி வாயில் நகமளவு பல் போயிற்று.
குனிந்து பார்த்தால் முள்கம்பி,
வயிரத்துக்குள், மூன்று முடிச்சோடு.
எந்தக் காலத்து வேலியோ.
இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று
யாரோ இழுத்துக் கட்டியதை
மரம் மென்று விழுங்கிவிட்டு
அதுபாட்டுக்கு மேலே போயிருக்கிறது.
அட்டியின் கடைசியில் நிறுத்திவைத்தேன்.

மார்கழி பிறந்ததும் குறையத் தொடங்கியது.
நூற்றுப் பதினாறு இருந்தது,
விடிந்தால் நூற்றுப் பதினாலு.
அடுத்த நாள் இன்னும் இரண்டு.
எட்டு வாசல் லயம்.
எட்டு முகத்தையும் பைப்படியில் பார்த்தேன்.
எல்லோரும் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் இரவு ஐஸ் விழுந்தது.
காலையில் பள்ளத்துத் தேயிலை
இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோலக் கருகிக் கிடந்தது.
கம்பிக் கட்டையைக் காணோம்.

கடைசி வாசல். கொட்டிய சாம்பல்.
அதில் கம்பி,
நீலம் பாய்ந்து, மூன்று முடிச்சோடு.
வெள்ளத்தாய் வாளியோடு நின்றாள்.
டெம்பரவரி. அட்டையில் பேர் ஏறவில்லை.
பேர் ஏறாதவளுக்கு விறகு இல்லை,
கவாத்து மிளாறுதான், அதுவும் ஈரம்.

ஒன்பது நாளாகச் சேர்த்துவைத்த வசவு
நாக்கு நுனியில் இருந்தது.
வந்தது வேறு:
"கோடாலி எறங்காத கட்டையை எப்படிடி பொளந்த?"

அவள் தலை குனியவில்லை.
"பொளக்கல மதினி. முழுசா வச்சேன்.
விடிய விடியத் தள்ளித் தள்ளி விட்டேன்."
வாளியைக் கீழே வைத்தாள்.
"அடுப்பு இன்னும் சூடாத்தான் கெடக்கு."

போய் உட்கார்ந்தேன்.
என் விறகின் சூடு
என் முழங்காலில் ஏறியது.
கட்டன் சாயா தந்தாள், கருப்பட்டி போட்டு.
பாதி குடித்தபிறகு சொன்னேன்:
"பதினெட்டுக் கட்டை."
"பத்தொம்பது," என்றாள்.
"கம்பியையும் சேத்து."

அதற்குப் பிறகு பேச்சில்லை, சண்டையுமில்லை.
ஞாயிறு ஓடைக்கு இறங்கினேன்,
பின்னால் செருப்புச் சத்தம்.
திரும்பிப் பார்க்கவில்லை.
மூன்றாம் வளைவில்
கட்டையை இறக்கிவைத்துவிட்டு
மூச்சு வாங்கினேன், நன்றாக.

கோடாலியில் பல் போனது போனதுதான்.
சனிக்கிழமை அவர் விரலால் தடவிப் பார்ப்பார்.
கல்லில் பட்டது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.