மனுவைத் தின்ற குரங்கு

தீர்த்தகிரீஸ்வரா,
மலை இறங்கி அரூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஜன்னல் கம்பி சுடுகிறது.
மோகனப்பிரியா என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்,
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
ஊர் போய்ச் சேர்வதற்குள்
உன்னிடம் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

பால்பல் விழுந்து முளைத்ததே பழுப்பு.
கரி, உப்பு, வேப்பங்குச்சி, டிவியில் காட்டிய பேஸ்ட்,
எதைத் தேய்த்தும் ஈறுதான் கிழிந்தது.
தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
பல்லைப் பார்ப்பதற்கு முன்பே எந்த ஊர் என்றார்.
நல்லம்பள்ளி பக்கம் என்றேன்.
போர் தண்ணியா என்றார்.
இது கழுவினால் போகிற அழுக்கு இல்லைம்மா,
மேலே ஓடு ஒட்டலாம், பல்லுக்கு எட்டாயிரம்.
சிரித்தால் தெரிவது ஆறு பல் என்று
திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டேன்.

ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது,
வராமல் இல்லை.
இவளுக்குக் கடைவாய்ப் பல்லும் முளைத்து முடிந்தபின் வந்தது.
குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு
அன்று உன்னைத் திட்டினேன்.
கேட்டிருக்கும்.

இவள் சிரிப்பை நான் பார்த்ததெல்லாம்
விரல் இடுக்கில், துப்பட்டா ஓரத்தில்,
நோட்டின் முதுகுக்குப் பின்னால்.
கொரோனா முடிந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றியது.
இவள் கழற்ற ஒன்றரை வருடம் ஆனது.
இப்போது ஓசூர் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
"கேள்விக்கெல்லாம் பதில் தெரியும்மா,
பேசினால் பல் தெரியுமே" என்கிறாள்.

அதனால்தான் மனு எழுதினேன்.
பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போன இவள் அப்பாவுக்கும் சொல்லாமல்,
ரேஷன் ரசீதின் பின்பக்கத்தில்:
பல் வெளுக்கணும். ஆறு போதும்.
தேங்காயோடு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பாதி மலையில் அது வந்தது,
ஒரு காது கிழிந்த கிழட்டுக் குரங்கு.
பையைப் பிடுங்கியது. தேங்காயை உருட்டிவிட்டது.
மனுவை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது,
தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி.
பிறகு வாயில் போட்டு
நிதானமாக மென்றது.
"ஐயோ, அது சாமிக்குடா, சாமிக்கு!" என்று நான்
வெறுங்காலோடு சுடுபாறையில் குதிக்கக் குதிக்க
என்னைப் பார்த்துப் பல்லை முழுசாகக் காட்டியது.
மஞ்சள் பல்.
என் மகளுடையதைவிட மோசம்.

பின்னால் ஒரு சத்தம்.
இவள்தான்.
இரண்டு கையிலும் தண்ணீர் கேன்.
கீழே வைத்துவிட்டு வாயை மூடியிருக்கலாம்,
வைக்கவில்லை.
கேன் குலுங்க, தண்ணீர் சிந்த,
மலைக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள்.
எங்களுக்குப் பின்னால் ஏறிய ஊத்தங்கரைக் குடும்பம்
எதற்கென்று தெரியாமலே நின்று கூடச் சிரித்தது.
நான் எண்ணியது தப்பு.
ஆறு இல்லை, பதினாலு தெரிகிறது.
பெற்ற எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும்.

மேலே போய்ச் சந்நிதியில் நின்றால்
கேட்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
உச்சிப் பாறையிலிருந்து நூல் நூலாய் விழுந்த தீர்த்தத்தை
இவள் அண்ணாந்து வாய் திறந்து குடித்தாள்.

இது பதிலா, குரங்குச் சேட்டையா?
பல் வெளுக்கவில்லை.
இப்போதும் குனிந்து பார்த்துவிட்டேன்.
புதன்கிழமை ஓசூரில்
இவள் கை வாய்க்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.
அதற்கு மனு எழுதப்போவதில்லை.
உன் ஆபீஸில் காகிதம் எந்த மேஜைக்கு எப்படிப் போகிறதென்று
எனக்குப் பிடிபடவில்லை.
போகிறது, அவ்வளவுதான்.

தேங்காய் மட்டும் பாக்கி.
நாலாவது வளைவில், கள்ளிப் புதருக்குள் கிடக்கும்.
எடுத்துக்கொள்.